எஞ்சின் நின்ற பிறகு

அப்பாவின் நீல ப்ளேசருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள் ஜ்யோத்ஸ்னா. அம்மா ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாள். கனத்த லோடு தாங்கும் பிளக் வீட்டில் ஒன்றுதான். அதை ஐஸ் பெட்டிக்குக் கொடுத்தாயிற்று. அதனால் இஸ்திரிப் பெட்டியைச் சமையலறையில் மிக்ஸிக்கான பிளக்கில் செருகி, மேடைமேல் பழைய போர்வையை மடித்துப் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. இஸ்திரிப் பெட்டி சூடேறும்போதெல்லாம் ஹாலில் ஐஸ் பெட்டியின் உறுமல் கொஞ்சம் தணிந்து மறுபடி ஏறியது. அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு எதையோ சொல்லாமல் விடுவது போல இருந்தது.

"காலர் கிட்ட நன்னா அழுத்தித் தேய். போட்டோல முதல்ல அதான் தெரியும்" என்றார் கல்யாணராமன்.

சமையலறை வாசலில் வேட்டியும் பனியனுமாக நின்றிருந்தார். மத்திய அரசில் துணைச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் வாசலில் நின்று சொல்லித்தான் பழக்கம். முந்தின நாள் சாயங்காலம் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா சுந்தரவல்லி, "மூச்சு முட்டறது" என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் நுழைவதற்குள் முடிந்துவிட்டது. பாதி மடித்த துணி இன்னமும் அந்த ஸ்டூல் மேலேயே கிடந்தது.

"சாஸ்திரிகள் வந்ததும் சட்டையையே கழட்டச் சொல்லப்போறார். ப்ளேசர் எதுக்குப்பா?"

"அவர் வரதுக்கு முன்னாடி சாய்ராம் வந்துடுவான்."

சாய்ராம் என்பவன் மோட்டார் கிளைடர் சங்கத்தின் செயலாளர். டெல்லி மோதி பாக்கில் வளர்ந்த தமிழன். சங்கம் வருஷா வருஷம் ஒரு கோப்பை கொடுக்கிறது. ராய்ஜாதா நினைவு சுழற்கோப்பை. ராய்ஜாதா ஆகாய விமானத்தில் ஏறியவர் அல்ல, குக்கர் தயாரித்தவர். கோப்பையைப் பார்த்தால் அது தெரியும். மோட்டார் கிளைடர் என்பது எஞ்சினோடு மேலே ஏறி, பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுக் காற்றின் தயவில் போகிற இரட்டை இருக்கை விமானம். அப்படி அணைத்த பிறகு, மறுபடி எஞ்சினைத் தொடாமல், ஊர் விட்டு ஊர் அதிகத் துணிச்சலாக யார் போகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. சங்கத்திடம் இருப்பது ஒரே ஒரு விமானம். போட்டியிட்டவர்கள் அத்தனை பேரும் அதிலேயே மாறி மாறிப் போய் வந்தவர்கள். இருந்தும் பல வருஷமாகக் கோப்பை தலைவரின் மைத்துனர் வீட்டு ஷோகேஸை விட்டு நகரவில்லை. இந்த வருஷம்தான் நகர்ந்தது. விழா இன்றைக்கு என்று முடிவாகி, பேனர் அடித்து, சமோசாவுக்கும் சொல்லியாகிவிட்ட நேரத்தில் சுந்தரவல்லி செத்துப்போனாள்.

ராத்திரி சாய்ராம் போன் பண்ணினான். கேன்சல் செய்துவிடலாமா என்று கேட்டது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"வேண்டாம்" என்றார் கல்யாணராமன். "ஆத்துலயே சின்னதா பண்ணிடலாம். சுந்தரா இருந்திருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பா."

சுந்தரா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது ஜ்யோத்ஸ்னாவுக்குத் தெரியும். விருதுச் செய்தி வந்த அன்று அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வெள்ளி முலாமாம். வந்தா நான்தானே தேய்க்கணும்" என்றாள். அதோடு சரி.

ப்ளேசரை ஹேங்கரில் மாட்டி நீட்டினாள் ஜ்யோத்ஸ்னா. அப்பா வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லிடு."

"என்னத்த?"

"ஓட்டினது அம்மான்னு."

அவர் ஹாலின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே அத்தை லீலாவதி, பெட்டியின் கண்ணாடி மூடியில் படிந்த ஈரத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா, கரோல் பாக்கிலிருந்து முதல் மெட்ரோவில் வந்துவிட்டாள்.

"டேக் ஆஃப் நான்தானே பண்ணினேன். லேண்டிங் நான்தானே" என்றார் குரலைத் தாழ்த்தி.

"நடுவுல?"

"சமயம் பாத்து சொல்றேன். விடு. கசங்கறது."

விட்டாள்.

நடுவில் நடந்தது இதுதான். எஞ்சின் இல்லாத விமானம் மேலே ஏற வேண்டுமானால் சூடான காற்று எங்கே எழும்புகிறதோ அங்கே போய், பருந்து மாதிரி, ஒரே இடத்தில் வட்டமிட வேண்டும். கல்யாணராமனுக்கு வட்டம் ஆகாது. தலை சுற்றி, வாயில் எச்சில் ஊறி, வயிற்றில் இருப்பது வெளியே வந்துவிடும். கோயிலில் நவக்கிரகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தூணில் சாய்ந்துகொள்வார். மீதி எட்டையும் அவருக்காகச் சேர்த்து அம்மா சுற்றுவாள். ஒன்பது கிரகங்களும் அதை ஏற்றுக்கொண்டதாகத்தான் தெரிந்தது. பதவி உயர்வெல்லாம் அவருக்கு ஒழுங்காக வந்தது. தினம் காலை டிபனுக்கு முன்னால் ஒரு தலைசுற்றல் மாத்திரை. அதை அம்மாதான் பிரித்து உள்ளங்கையில் வைப்பாள். எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

இப்படிப்பட்டவர் எதற்காகக் கிளைடரில் ஏறினார் என்று கேட்டால், அமைச்சகத்தில் அவருடைய பேட்ச்காரர்கள் எல்லோரும் கோல்ஃப் ஆடினார்கள் என்பதுதான் பதில். அம்மா கூடப் போனாள். வாந்திக்குப் பை பிடிக்க ஆள் வேண்டுமே. போன இடத்தில் கற்றுக்கொண்டாள். எஞ்சின் ஓடும் வரை விமானி அவர். அது நின்ற பிறகு அம்மா. இடது பக்க இருக்கையில் உட்கார்ந்தவர் பெயர்தான் கோப்பையில் ஏறும் என்பது சங்கத்தின் விதி. இடது பக்கம் அப்பா உட்கார்ந்தார்.

மார்ச் மாதம் நார்னோல் பக்கத்து ஓடுதளத்திலிருந்து கிளம்பி ராஜஸ்தானைக் குறுக்கே தாண்டினார்கள். பிகானேருக்கு வெளியே உயரம் குறைந்து, கருவேல மரத்தின் நிழல்கூடத் தனியாகத் தெரிகிற அளவுக்கு இறங்கிவிட்டார்கள். எஞ்சினைப் போட்டால் உயிர் நிச்சயம், கோப்பை போய்விடும். அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. செத்த மாடுகளைக் கொண்டு போய்க் கொட்டுகிற மைதானம் கீழே. அப்பா பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அம்மா விமானத்தைச் சாய்த்தாள்.

அந்தக் கதையை இந்த பால்கனியில் வைத்துத்தான் மகளிடம் சொன்னாள். எதிரே காஜிபூர் குப்பை மலை. அதற்கு மேல் நூற்றுக்கணக்கில் பருந்துகள். பாதி டெல்லி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற இடத்தை அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே ஆசையாகப் பார்ப்பாள்.

"நாத்தம் நம்ம மூக்கு வரைக்கும் வரதுன்னா என்ன அர்த்தம் சொல்லு? காத்து மேல வரது. அதப் புடிச்சிண்டா போறும். கழுகெல்லாம் கூடவே சுத்தித்து ஜ்யோ. ஒண்ணு என்னைத் திரும்பிக்கூடப் பாத்துது. உங்கப்பா குனிஞ்சிண்டிருந்தது நல்லதாப் போச்சு. இல்லேன்னா அவர் தலை மறைச்சிருக்கும்."

சாய்ராம் வரும்போது கூடப் பத்துப் பேர் வந்தார்கள். தலைவர் பக்ஷி, ஓய்வு பெற்ற விங் கமாண்டர். அவருடைய மீசை அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. ஒருவன் கேமரா வைத்திருந்தான். இருவர் பேனரை பால்கனிக் கம்பியில் கட்டினார்கள். குப்பை மலை மறைந்து, அந்த இடத்தில் விமானத்துக்குள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் கல்யாணராமன் சிரித்தார். படத்தின் வலது ஓரத்தில் ஒரு முழங்கையும் இரண்டு வளையலும் தெரிந்தன. மீதி அம்மாவை வெட்டியிருந்தார்கள்.

"கேஸ் அடுப்பு பத்த வைக்கக் கூடாதும்பேளே, அதான் சமோசாவக் கொண்டுவந்துட்டோம்" என்று சாய்ராம் அட்டைப் பெட்டிகளை டைனிங் டேபிளில் அடுக்கினான். "வேஸ்ட் ஆகிடும் பாருங்கோ. ஜ்யோத்ஸ்னா, பேப்பர் பிளேட் இருக்கா?"

"அம்மாவக் கேட்டாத்தான் தெரியும்" என்றாள் ஜ்யோத்ஸ்னா.

சாய்ராம் ஒரு வினாடி ஐஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, டிஷ்யூ இருக்கு" என்றான்.

ஊதுபத்தி, ரோஜா மாலை, சூடான எண்ணெய், யாரோ அப்போதுதான் அடித்துக்கொண்டு வந்த சென்ட். எல்லாம் சேர்ந்து ஹாலில் ஒரு வாடை நின்றது. பக்ஷி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கையில் சமோசாவோடு, இன்னொரு கையை மார்பில் வைத்து, "பாபிஜி பஹுத் அச்சி தீ", அண்ணி ரொம்ப நல்லவர் என்று கண் கலங்கினார். கலங்கியது உண்மை. சமோசாவின் பொருக்கு ஒன்று உதிர்ந்து, கண்ணாடி மூடியில், சரியாக அம்மாவின் நெற்றிக்கு மேலே விழுந்ததும் உண்மை. அவர் அதைச் சுண்டுவிரலால் தள்ளினார். பச்சைச் சட்னியின் கோடு ஒன்று கண்ணாடியில் நீண்டது.

ஜ்யோத்ஸ்னா துடைத்தாள். வயிற்றிலிருந்து ஏதோ எழும்பி வந்து தொண்டையில் நின்றது. அப்பாவுக்கு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தாள். அப்போதுதான் மாத்திரை ஞாபகம் வந்தது. இன்றைக்கு யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

சமையலறையில் பெருங்காய டப்பாவுக்குப் பின்னால் தேடி எடுத்தாள். ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது கோப்பை கைமாறிவிட்டிருந்தது. ப்ளேசரும் வேட்டியுமாக அப்பா அதை மார்போடு அணைத்து நின்றார். கீழே இருந்து பார்த்தால் கல்யாணராமன், மேலே இருந்து பார்த்தால் பதவி.

"ரெண்டு வார்த்தை சார்" என்றான் சாய்ராம்.

ஜ்யோத்ஸ்னா டம்ளரோடு நின்றாள். அப்பா அவளைப் பார்த்தார். சொல்லிவிடப் போகிறார் என்றே நினைத்தாள்.

"இந்தப் பெருமை எனக்கு மட்டும் சேர வேண்டியதில்ல" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார் கல்யாணராமன். ஐஸ் பெட்டி கனைத்தது. "என் சுந்தராவுக்கும் பங்கு உண்டு. பக்கத்து சீட்டுல, ஒரு வார்த்தை பேசாம, தைரியமா உக்காந்திருந்தா. என்னை நம்பி. ஒரு பைலட்டுக்கு அதவிட நல்ல பாசஞ்சர் கிடைக்க மாட்டா."

கைதட்டலாமா கூடாதா என்று பத்துப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்ஷி தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள், சாவு வீடு என்பதால் மெதுவாக.

ஜ்யோத்ஸ்னா டம்ளரில் இருந்த தண்ணீரைத் தானே குடித்தாள். மாத்திரை அட்டையைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அத்தை பக்கத்தில் வந்து காதோடு கேட்டாள். "அவனுக்கு மாத்திரை குடுத்தியோடீ? வெறும் வயத்துல இருக்கான்."

"ம்" என்றாள் ஜ்யோத்ஸ்னா.

சாஸ்திரிகள் வந்து ப்ளேசரைக் கழற்றச் சொன்னார். அவருக்குக் கையெல்லாம் அவசரம். சாயங்காலம் டெல்லியின் மறுகோடியில், துவாரகாவில் ஒரு கிரகப்பிரவேசம் இருந்தது. வீட்டில் செய்ய வேண்டியதெல்லாம் மளமளவென்று நடந்தது. ஜ்யோத்ஸ்னாவும் சுடுகாட்டுக்கு வருகிறாள் என்றதும் அத்தை மூக்கைச் சுருக்கினாள்.

"பொம்மனாட்டிகள் அங்கெல்லாம் போறதில்லடீ."

"அம்மா போறாளே அத்தை."

கொஞ்ச நேரம் கழித்து, அத்தை செருப்பைத் தேடிக்கொண்டு தானும் கிளம்பினாள்.

காஜிபூர் பக்கம் என்பதால் வேன் சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. மே மாத வெயில். கதவைத் திறந்ததும் குப்பை மலையின் வாடை, பசையாக, கன்னத்தில் வந்து ஒட்டியது. பின்னால் இன்னோவாவில் வந்திறங்கிய சங்கத்தார் ஒரே நேரத்தில் கைக்குட்டையை எடுத்தார்கள். ஜ்யோத்ஸ்னாவும் துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டாள். மேலே பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன.

கோப்பையும் வந்திருந்தது. கடைசியாக ஒரு முறை சுந்தராவின் காலடியில் வைத்து எடுக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதை ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது சாய்ராமின் ஆசை. விறகு அடுக்கி, அதன்மேல் அம்மாவைக் கிடத்திய பிறகு, சாய்ராம் கோப்பையைக் கால்பக்கம் வைத்தான். அது விறகின் சரிவில் நிற்காமல் உருண்டது. மறுபடி வைத்தான். மறுபடி உருண்டது. அடுக்குகிற ஆள் சலித்துப்போய், "பையா, யே பி ஜலானா ஹை க்யா?" என்று கேட்டான். இதையும் எரிக்கணுமா என்று அவன் கேட்டதில் கிண்டல் எதுவும் இல்லை. சாய்ராம் கோப்பையை எடுத்து இடுக்கிக்கொண்டான்.

"மூணு சுத்து" என்றார் சாஸ்திரிகள். "அப்பிரதட்சிணம். இடது பக்கமா சுத்தணும். ஒவ்வொரு சுத்துக்கும் நான் பானையில ஒரு ஓட்டை போடுவேன். திரும்பிப் பாக்கக் கூடாது."

இடுப்பில் ஈர வேட்டியோடு, இடது தோளில் தண்ணீர்ப் பானையோடு, கல்யாணராமன் சிதையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அப்பாவோ துணைச் செயலரோ இல்லை. ஊஞ்சலில் ஏற்றிவிட்ட குழந்தை, தள்ளப்போகிறவரைப் பார்ப்பது போல இருந்தது.

கைப்பையின் ஜிப் அவளுடைய விரலுக்கடியில் இருந்தது. இரண்டு எட்டு வைத்தால் போதும். அவர் வாயில் போட்டு, பானைத் தண்ணீரையே கொஞ்சம் ஊற்றிவிடலாம். சாஸ்திரிகள் கடிகாரத்தைப் பார்ப்பாரே தவிர ஒன்றும் சொல்லமாட்டார். இப்போது சொல்லட்டும், ஒரு தடவை, இவர்கள் முன்னால் சொல்லட்டும், கொடுத்துவிடுகிறேன் என்று நினைத்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவளும் நகரவில்லை.

முதல் சுற்றின் முதல் பாதி நன்றாகத்தான் போனது. சுற்றை முடித்துத் தலைமாட்டில் திரும்பும்போது அப்பாவின் இடது கால் வலது காலைத் தேடியது. சாஸ்திரிகள் கல்லால் தட்டி முதல் ஓட்டையைப் போட்டார். தண்ணீர் முதுகில் வழிந்தது. இரண்டாவது சுற்றில் அவருடைய உதடுகள் வெளுத்தன. வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டார். அந்த நாற்றத்தில் மூக்கால் விடக்கூடிய மூச்சு அது இல்லை. கால்மாட்டுக்கு வந்தபோது பானை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்து சிதறியது. அவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டினார்.

அந்தக் கைகளை ஜ்யோத்ஸ்னாவுக்குத் தெரியும். கார் மலைப்பாதையில் வளையும்போதும், ராட்டினத்தைத் தள்ளி நின்று பார்க்கும்போதும்கூட அவை அப்படித்தான் நீளும். நீண்ட கைகளில் அம்மா பிரித்த பையை வைப்பாள்.

எதிரில் நின்றது சாய்ராம். அவன் கையில் இருந்தது கோப்பை. விழப்போகிறவரைத் தாங்க அவன் முன்னால் வந்தான்; நீண்ட கைகள் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டன. கல்யாணராமன் மண்டியிட்டு, ராய்ஜாதா நினைவு சுழற்கோப்பைக்குள் முகத்தைக் கவிழ்த்து, மனைவியின் காலடியில் வாந்தியெடுத்தார். வெறும் வயிறு என்று அத்தை சொன்னது சரியில்லை. ஒரு சமோசா இருந்திருக்கிறது.

கேமராக்காரன் பழக்கதோஷத்தில் ஒரு படம் எடுத்துவிட்டான்.

"துக்கம்" என்றார் பக்ஷி, கைக்குட்டைக்குள்ளிருந்து. "கித்னா பியார் தா." எவ்வளவு அன்பு என்று மற்றவர்களும் தலையாட்டினார்கள். சாய்ராமின் ஷூ நுனியில் கொஞ்சம் பட்டிருந்தது. அவன் அதைப் புல்லில் தேய்த்துக்கொண்டே, "பாவம் சார்" என்றான். அவர்கள் ஒவ்வொருவரும் அப்பாவை முன்னைவிடப் பிரியமாகப் பார்த்தார்கள்.

ஜ்யோத்ஸ்னாவுக்கு அவர்கள்மேல் குமட்டியது. அப்பாமேல் குமட்டியது. கைப்பை தோளில் கல்லாகக் கனத்தது. அதைத் தொட்ட தன் விரல்களையே பிடிக்கவில்லை. அம்மாவாக இருந்தால் யாரிடமும் எதுவும் கேட்டுக்கொண்டு நிற்காமல் எப்போதோ கொடுத்திருப்பாள்.

"இன்னும் ஒண்ணரை சுத்து பாக்கி" என்றார் சாஸ்திரிகள். "வேற பானை இருக்கா? கர்த்தாவால முடியலைன்னா யார் பண்ணுவா?"

ஜ்யோத்ஸ்னா செருப்பைக் கழற்றினாள்.

"பொண்ணு பண்ணலாமோ" என்று ஆரம்பித்த அத்தை, தானே நிறுத்திக்கொண்டு சாஸ்திரிகளைப் பார்த்தாள். சாஸ்திரிகள் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பேஷாப் பண்ணலாம். சாஸ்திரத்துல தடையே கிடையாது" என்றார்.

புதுப் பானையைத் தோளில் வாங்கியபோது தண்ணீர் தளும்பி ஒரு பக்கமாக இழுத்தது. முதலிலிருந்தே சுற்றுவது என்று முடிவு செய்துகொண்டாள், யாரிடமும் கேட்கவில்லை. இடது பக்கமாகத் திரும்ப வேண்டும். திரும்பும் பக்கத்துக்கு உடம்பு தானாகச் சாய்ந்தது. அம்மாவின் வலது இருக்கையில் தான் உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டு வருவது போல இருந்தது. நடுவில், தரையில் உட்கார்ந்து குனிந்திருந்த அப்பாவின் தலை வந்து வந்து போனது. அது மறைக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அவர் தலைக்கு மேலாக அம்மாவின் முகம் தெரிந்தது. மூன்றாவது முடிந்ததும் பானையைப் பின்னால் போட்டாள். உடைந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

கொள்ளி மட்டும் அப்பா வைத்தார். அத்தை அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே குழாயடியில் சிமெண்ட் பெஞ்ச் ஒன்று இருந்தது. அப்பாவை அதில் உட்கார வைத்துவிட்டு, ஜ்யோத்ஸ்னா கோப்பையைக் குழாய்க்கடியில் கவிழ்த்தாள். புளித்த வாடை வெந்நீராக வந்த தண்ணீரில் இன்னும் கூடியது. விரலால் சுற்றிக் கழுவினாள். சாய்ராம் தள்ளி நின்று பார்த்தான்.

"மண்ணு கிண்ணு போட்டுத் தேய்ச்சுடாதேம்மா. முலாம் போயிடும்" என்றான். "அடுத்த வருஷம் திருப்பிக் குடுக்கணும்."

நான்கு தடவை அலசியபின் கோப்பையில் தண்ணீர் பிடித்தாள். கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிரித்து, அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. போட்டுக்கொண்டு, கோப்பையைத் தூக்கி அதிலிருந்தே குடித்தார். தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து நரைத்த மார்பில் இறங்கியது.

"உங்கம்மா பையை முன்னாடியே பிரிச்சு வெச்சிருப்பா" என்றார். "நான் கேக்கவே வேண்டாம்."

ஜ்யோத்ஸ்னா குழாயை மூடினாள். அது முழுதாக மூடவில்லை.

சாய்ராம் பெஞ்சின் ஓரத்தில், கழுவிய ஷூவைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "சார், இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஆனா சங்கத்துப் பத்திரிகைக்கு ரெண்டு வரி வேணும். எஞ்சினை நிறுத்திட்டு பிகானேர் வரைக்கும் போனேளே, அங்க உயரம் குறைஞ்சதும் எப்படி சமாளிச்சேள்?"

கல்யாணராமன் கோப்பையின் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஞ்சினை நான்தான் நிறுத்தினேன்" என்றார்.

"ஆமா சார். அப்பறம்?"

"அப்பறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. குனிஞ்சிண்டிருந்தேன்."

சாய்ராம் ஜ்யோத்ஸ்னாவைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள்.

"அவதான் ஓட்டினா" என்றார் அப்பா. "எப்பவும் அவதான்."

சாய்ராமின் கண்கள் நிறைந்துவிட்டன. அவன் அவருடைய தோளில் கை வைத்தான். "புரியறது சார். எல்லா வீட்லயும் அவாதானே ஓட்டறா. நாம சும்மா உக்காந்திருக்கோம்." எழுந்து நின்று, அவளிடம் மெதுவாக, "சாரை ரெஸ்ட் எடுக்கச் சொல்லும்மா. ஷாக்ல இருக்கார். நானே ஏதாவது எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பெஞ்சிலிருந்து கோப்பையை நாசூக்காக இரண்டு விரலால் எடுத்து, தண்ணீரைக் கீழே கவிழ்த்துவிட்டு, இன்னோவாவை நோக்கி நடந்தான்.

பக்ஷி கண்ணாடியை ஏற்றச் சொல்வது கேட்டது. வண்டி கிளம்பிப் போனது.

சிதையில் தீ நன்றாகப் பிடித்திருந்தது. புகை கொஞ்ச தூரம் தரையோடு தவழ்ந்து, குப்பை மலைப் பக்கமிருந்து வந்த காற்றில் கலந்து, திடீரென்று நிமிர்ந்தது. அதன் ஓரத்துக்கு ஒரு பருந்து வந்தது. சிறகை அசைக்காமல் இடது பக்கமாகச் சாய்ந்தது. அதைப் பார்த்து இன்னொன்று வந்தது. அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "சீ, என்ன நாத்தம்டீ இது, வா போலாம்" என்றாள்.

"இருங்கோ அத்தை" என்றாள் ஜ்யோத்ஸ்னா.

மூக்கில் சுற்றியிருந்த துப்பட்டாவை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். முகத்தைக் கொஞ்சம் தூக்கினாள். மூச்சை இழுத்தாள்.